சுருட்டுக் காசு

கோபம் வந்தால் வாய்க்குள்ளேயே முருகா முருகா என்று சொல்லு, அடங்கிவிடும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் மேல் வருகிற கோபமும், மிச்சக் காசு தராத பஸ் கண்டக்டர் மேல் வருகிற கோபமும் இரண்டு முருகாவில் அடங்கித்தான் போகிறது. இந்த ஒன்று மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. அப்பா மேல் பாதி, என் மேல் பாதி என்று இத்தனை வருடமாக நெஞ்சுக்குள் கிடக்கிறது. நான் அதிகம் படித்தவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம். அந்த வரிசை வீடுகளில் எங்களுக்கு ஒரு அறையும், சமைக்க ஒரு குசினியும். அதில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அவரைத்தான் அத்தை என்கிறேன். அத்தையின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். பிள்ளையும் இல்லை. கொழுந்து எடுத்துச் சம்பாதித்ததைச் சம்பள நாளன்று அப்படியே அப்பா கையில் கொடுத்துவிடுவார். தனக்கென்று எடுத்துக்கொள்வது சுருட்டுக்கு மட்டும்தான்.

ஆமாம், அத்தை சுருட்டுப் பிடிப்பார். மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கி வந்ததும், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து ஒன்றைப் பற்ற வைப்பார். எங்கள் லயத்தில் அப்படி இன்னும் இரண்டு மூன்று வயதான பொம்பிளைகள் இருந்தார்கள். குளிருக்கு வேறு என்ன செய்வது என்பார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. தோட்டத்துக் கடைக்கு ஓடிப் போய் வாங்கி வருகிறவள் நான்தான்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அத்தைக்கு இருமல் வந்தது. பதுளைக்குப் போய்க் காட்டினார்கள். சுருட்டை விட்டால்தான் நெஞ்சு தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை அதற்கெல்லாம் விடுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த ஆடியில் கதிர்காமம் போனபோது, மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்து, ஈரச் சேலையோடு சந்நிதிக்கு முன்னால் நின்று, "அப்பனே, இனித் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் நேர்ந்து விட்டது சுருட்டை. காசைப் பற்றி முருகனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

காசைப் பற்றிப் பேசினது நாங்கள்தான். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டோம். டிஷ் அன்டெனா பூட்டலாம் என்றார் அப்பா. விறகில் ஊதி ஊதிக் கண் போகிறது, ஒரு கேஸ் அடுப்பு எடுக்கலாம் என்றாள் அம்மா. எனக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா. திருகோணமலைக்குக் கூட்டிப் போகப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பசறை வந்து சேரும் முன்பே அத்தையின் சுருட்டுக் காசை நாங்கள் மூன்று பேரும் செலவழித்து முடித்துவிட்டோம். அத்தை ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. முதல் இரண்டு வாரம் சோற்றைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. பக்கத்து லயத்துப் பெரியம்மா வேண்டுமென்றே முன்னால் உட்கார்ந்து ஊதிக் காட்டி, "என்னாடி, சாமியாராப் போயிட்டியா?" என்று சீண்டுவார். அத்தை எழுந்து குசினிக்குள் போய்விடுவார். மெல்ல மெல்ல இருமலும் விட்டது.

ஆனால் காசு வரவில்லை. அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு அத்தை தனியாகப் பதுளைக்குப் போகத் தொடங்கினார். கேட்டால் கோயிலுக்கு என்பார். கையில் பை இருக்காது, சாமான் இருக்காது. வரும்போது முகம் மட்டும் ஒரு மாதிரி மலர்ந்திருக்கும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது தடவை என்னைக் கூடவே அனுப்பினாள். "அண்ணி, இவளையும் கூட்டிட்டுப் போங்க, சாமி கும்பிடட்டும்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, என் காதில், "காசு எங்க போவுதுன்னு பாத்துட்டு வா" என்றாள்.

அத்தை சந்தோஷமாகத்தான் கூட்டிப் போனார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார். முதலில் உண்மையாகவே கோயிலுக்குப் போனோம். அதற்குப் பிறகு கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குப் பக்கத்திலிருந்த ஒடுக்கமான படியில் ஏறினார். மேலே கண்ணாடிக் கதவு. கதவில் சிரிக்கிற ஒரு பொம்பிளையின் படம். பியூட்டி பார்லர்.

எனக்குத் திக்கென்றது. கல்யாணப் பெண்கள் போகிற இடம் அது. அத்தைக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும்.

உள்ளேயிருந்து ஒரு சிங்களப் பிள்ளை, "என்ன நெந்தே" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். வாருங்கள் அத்தை என்று அர்த்தம். இவளுக்கு எங்கள் அத்தை எப்படி அத்தையானார் என்று எனக்குச் சுருக்கென்றது. ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி, சவர்க்காரம் நுரைக்க அத்தையின் இரண்டு கால்களையும் எடுத்து அதில் வைத்தாள்.

அந்தக் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் மலை ஏறி இறங்கிய கால்கள். குதிகால் முழுக்கப் பாளம் பாளமாக வெடிப்பு. கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள். மழை மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிடும். கல் விழுந்து ஒரு பெருவிரல் நகம் கறுத்துப் போனது அப்படியே நின்றுவிட்டது. இரவில் படுக்கும்போது வெடிப்பில் போர்வை சிக்கிக்கொள்ளும் என்று அத்தை சொல்வார். நாங்கள் சிரிப்போம்.

பேசின் தண்ணீர் கறுத்துப் போனது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். பிறகு தரையில் ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அத்தையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்நியப் பிள்ளை ஒருத்தி மடியில் எங்கள் வீட்டுக் கால். கல்லால் தேய்த்தாள். ஓர் இடத்தில் கையை நிறுத்தி, "ரிதெனவத நெந்தே?" என்று கேட்டாள். வலிக்கிறதா அத்தை என்று.

அத்தை கண்ணை மூடியிருந்தார். "நே துவே" என்றார். இல்லை மகளே. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முடிகிற நேரத்தில் அத்தை என்னைப் பார்த்து, "நீயும் காலை வைக்கிறியாடி? நா காசு தாறேன்" என்றார். நான் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். என் கடல் இந்தப் பேசினில் கறுப்புத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது எனக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு ஆத்திரம்.

திரும்பி வரும்போது அத்தை தானாகவே சொன்னார். "இருமலுக்குக் காட்ட கிளினிக்குக்கு வந்த அன்னைக்கு நல்ல மழை. அந்தப் படியில ஒதுங்கி நின்னேன். அந்தப் புள்ளதான் காலைப் பாத்துட்டு உள்ள கூப்பிட்டுச்சு. மொத நாளு காசே வேணாம்னுச்சு." வீட்டில் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று நினைத்திருக்கிறார். அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "என்னடி வாங்குனாங்க?"

"ஒண்ணும் வாங்கல. காலு கழுவுனாங்க."

"எங்க, கோயில்லயா?"

"இல்ல. பார்லர்ல. காசு குடுத்து."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு நாற்காலி, நுரை, மடி, ஒன்றையும் விடவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

அப்பா வாசலில் நின்றே கத்தினார். லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும். "கொழுந்து மலைக்குப் போற காலுக்கு எதுக்குச் சோடனை? இங்க ஒரு பொட்டப் புள்ள வளருது, அது கண்ணுல படலியா? ஊரு சிரிக்காதா?"

ஊர் அப்போதே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கதவுக்குக் கதவு தலைகள்.

அத்தை படியில் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, இருவத்தஞ்சு வருசமா அந்தக் காசப் பொகையா ஊதுனேன். ஒரு நா ஒருத்தர் கேக்கல. இப்ப மட்டும் ஏன் கேக்குற?"

"சுருட்டு வேற. இது வேற" என்றார் அப்பா.

எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படிக் கத்தும்போது அவர் விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. பேச்சு மும்முரத்தில் அதை இழுக்க மறந்து, சாம்பல் நீளமாகி அத்தையின் காலடியில் விழுந்தது.

அடுத்த நாள் மலையில் நடந்தது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே காதில் விழுந்தது. மேலே தேயிலை நிரையில் நின்ற ஒருத்தி, "மகாராணி காலு வருது, வழி விடுங்கடி" என்றாள். கங்காணியும் தன் பங்குக்கு, "பாத்து வைங்க அக்கா, மண்ணு ஒட்டிக்கும்" என்றார். மலை முழுக்கச் சிரிப்பு. அத்தை கூடையை இறுக்கிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த மாதச் சம்பளத்தில் சுருட்டுக் காசையும் சேர்த்து அப்பா வாங்கிக்கொண்டார். சாமிக்கு நேர்ந்த காசை இப்படிச் செலவழித்தால் குற்றம் என்று முருகனையும் சாட்சிக்கு இழுத்தார். அந்தக் காசில் நான் திருகோணமலைக்குப் போனேன். கோணேசரைக் கும்பிட்டேன். கடலில் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்று குதித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுகிறது பொய்யாகிவிடும்.

இப்போது எனக்குக் குடும்பம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறேன். சின்ன முருகன் சிலை ஒன்று வைத்திருக்கிறேன். அதன் காலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்துச் சந்தனம் வைக்கும்போது சில நாள் கை நின்றுவிடும். கல்லுக்கு இவ்வளவு பதமாகச் செய்கிறேனே. ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனுஷிக்கு ஒரு நாள் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தோமா? வலிக்குதா அத்தை என்று கேட்டோமா? காசு வாங்கிக்கொண்டு ஒருத்தி கேட்டாள் என்பதைக்கூட எங்களால் தாங்க முடியவில்லையே.

ஐப்பசி மழை பிடித்தது. அத்தையின் விரல் இடுக்குகள் மறுபடியும் வெந்தன. பதுளைப் பக்கம் அவர் போகவே இல்லை. ஒரு சாயங்காலம் நனைந்து வந்து, படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அப்பாவிடம், "தம்பி, ரெண்டு சுருட்டு வாங்கக் காசு குடு" என்றார்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கதிர்காமத்துச் சந்நிதியில் சொன்ன சொல் என்ன ஆனது என்று கேட்கவில்லை. நெஞ்சு தேறிவிட்டதா என்றும் கேட்கவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு, கேட்டதற்கு மேலேயே எடுத்து என்னிடம் கொடுத்தார். "ரெண்டு எதுக்கு, ஒரு கட்டா வாங்கிட்டு வா" என்றார். அந்த நேர்த்தியை முறித்த பாவம் ஒன்று இருந்தால், அது அத்தையுடையது இல்லை. எந்தச் சந்நிதியிலும் நான் அதைச் சொல்வேன்.

குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "இப்பத்தான் அண்ணி பழையபடி ஆயிருக்காங்க" என்றாள். பக்கத்து வீட்டில்கூட யாரோ நிம்மதியாகச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். வீட்டில் சண்டை இல்லை, எல்லாம் முன்பு போல ஆகிவிட்டது. மழையில் ஓடிப் போய் வாங்கி வந்தேன்.

அத்தை படியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். எடுத்தவர் வாயில் வைக்கவில்லை. விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நெருப்பு இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறாராக்கும் என்று நினைத்தேன். உள்ளே ஓடி அடுப்படியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து வந்து, காற்றில் அணையாமல் கையால் மறைத்து, நானே ஒரு குச்சியைக் கிழித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.