அண்ணன் பெருவிரல் பட்ட இடம்

சாயக்காரரின் விரல்களைப் பார்த்தே அந்த வாரம் தொழிற்சாலையில் என்ன நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பச்சை ஓடினால் நகக்கண்ணெல்லாம் பச்சை. சிவப்பு ஓடினால் யாரையோ வெட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருப்பார். மடக்குக் கத்தி செய்யும் தொழிற்சாலை அது. மாட்டெலும்பை வேகவைத்து, கொழுப்பெடுத்து, கைப்பிடிக்கு ஏற்ற பட்டைகளாக அறுத்துத் தருவார்கள். அதற்கு நிறம் ஏற்றுவது இவர் வேலை. முப்பத்தெட்டு வருஷமாக அதே அறை, அதே ஆவி. கல்யாணமான புதிதில் அவர் மனைவி வாங்கிப் பார்க்காத சோப்பில்லை. "இது விரலா, பீட்ரூட்டா?" என்று கேட்டு ஒரு வருஷத்தில் கைவிட்டுவிட்டாள்.

மனிதர் தங்கமானவர். ஆனால் நிறம் என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் தலை கொஞ்சம் கனத்துவிடும். கனக்கட்டுமே, அதற்கு நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் எலும்பில் சாயம் மேல்தோலோடு நின்றுவிடும். பையில் கிடந்து உரசி உரசி, ஓரமெல்லாம் எலும்பு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். எலும்பை மூடிய தொட்டியில் போட்டு, அழுத்தம் கொடுத்து, ஒன்பது நாள் ஊறவைத்து, நடுப்பகுதி வரைக்கும் நிறத்தை இறக்கிக் காட்டியவர் இவர்தான். குறுக்கே அறுத்தாலும் ஒரே சிவப்பு. அதன்பிறகு வெளுத்துவிட்டது என்று ஒரு கத்திகூடத் திரும்பி வரவில்லை.

ஒரே ஒருவர்தான் அவரை மதிக்கவில்லை. அவருடைய சொந்த அண்ணன்.

அண்ணன் ஒரு நாற்றுப்பண்ணையில் ரோஜாவுக்கு ஒட்டுக்கட்டுபவர். வேலைக்குச் சேர்ந்த வருஷம் தம்பி தன் கையால் முதன்முதலில் சிவப்பேற்றிய கைப்பிடியை ஒரு கத்தியில் போட்டு அவருக்குக் கொடுத்தார். அண்ணனுக்கு இடது கைப் பழக்கம். தினமும் பெருவிரல் அழுந்திய இடத்தில் சிவப்பு போய், மஞ்சளாகி, பிறகு லேசாகப் பள்ளமே விழுந்துவிட்டது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆப்பிள் நறுக்குகிற சாக்கில் கத்தியை எடுத்து எல்லோருக்கும் காட்டுவார்.

"டேய், உன் சாயம் வெளுத்துப்போச்சுடா!"

எல்லோரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பார், வயிறு எரிய எரிய.

"குடுண்ணே, புதுசா ஏத்தித் தர்றேன்."

"போடா. இப்பத்தான் கைக்குப் பழகியிருக்கு."

சாகிறவரைக்கும் அண்ணன் அதைக் கொடுக்கவில்லை. நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து அண்ணி வந்தார். கைக்குட்டையில் சுற்றிய கத்தியை மேஜைமேல் வைத்தார்.

"ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. மூடினா நிக்க மாட்டேங்குது. அதை மட்டும் பாருங்க தம்பி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்கிட்ட குடுத்துட்டீங்கல்ல அண்ணி, விடுங்க."

ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமென்றால் ஆணிகளைத் தட்டி எடுக்க வேண்டும். ஆணி வந்தால் கைப்பிடிப் பட்டைகளும் கையோடு வந்துவிடும். அப்படித்தான் அந்த வெளுத்த பட்டை சாயக்காரரின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. முப்பத்தெட்டு வருஷ அவமானம். வேண்டாம் என்று தடுக்க அண்ணனும் இல்லை. அண்ணிக்கு நான் வேறென்ன செய்துவிடப் போகிறேன், இதையாவது செய்வோம் என்று நினைத்தார். அதில் பாசம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். அந்தப் பள்ளம் மட்டமாக அரை நாள் பிடித்தது. பிறகு தொட்டியில் ஒன்பது நாள்.

பத்தாம் நாள் ஆணியடித்து, மெருகேற்றி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். வழியில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு நல்ல சிவப்பு.

அண்ணி வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"அண்ணனோடதுதான். புதுசாட்டம் பண்ணிட்டேன்!"

அண்ணியின் பெருவிரல் கைப்பிடியில் மேலும் கீழும் எதையோ தேடியது.

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே."

சாயக்காரர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"தூங்கறதுக்கு முன்னாடி என் விரலை அதுல வச்சுப்பேன். அவர் விரல் மாதிரியே இருக்கும்."

திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது அழுதிருப்பார். அண்ணி கோபப்படவே இல்லை. கத்தியை இடது கைக்கு மாற்றி, அதே இடத்தில் விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார்.

"தினம் இப்படியே தேய்ச்சா, எத்தனை வருஷத்துல வெளுக்கும் தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். வேறு எந்த விஷயமென்றாலும் சொல்லியிருப்பார்.

"வெளுக்காது அண்ணி," என்றார். "உள்ள வரைக்கும் ஏத்திட்டேன்."

அண்ணி கத்தியை ஒருமுறை திறந்தார், மூடினார். அது டக்கென்று நின்றது.

"ஸ்பிரிங் நல்லா இருக்கு," என்று சொல்லி, கைக்குட்டையில் சுற்றி உள்ளே எடுத்துப்போனார்.