வெயிலில் குளிர்ந்த வருடங்கள்

என் மகள் பிறந்த பிறகு எனக்குக் குளிர ஆரம்பித்தது. தாம்பரத்தில் குளிர் என்றால் யாரும் சிரிப்பார்கள். அதை ஒட்டிய இரும்புலியூரில் நாங்கள் குடியிருந்தது ஓட்டு வீடு. கோடையில் பகல் முழுக்க அது அடுப்பாகக் காயும். அந்த வீட்டுக்குள் நான் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். என் கணவருக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. காலையில் மின்சார ரயிலேறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நான் ஒரு பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். எங்களோடு என் கணவரின் அக்காவும் இருந்தார். எங்கள் பக்க வழக்கப்படி அவரை மைனி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், தம்பியோடு வந்து தங்கிவிட்டவர். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். வீட்டில் ஒரு வேலை மிச்சம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த மைனியின் கண்ணெதிரில்தான் நான் மெல்ல மெல்ல ஒன்றும் செய்யாதவளாக ஆகிப்போனேன். அரிசி களைய உட்கார்ந்தால் கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இருந்துவிடுவேன். தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. தோல் வறண்டு வெடித்தது. முகம் ஊதியது. கல்யாண மோதிரத்தை சோப்புப் போட்டும் கழற்ற முடியவில்லை. காலையில் பால் கொண்டுவருகிற அம்மாள் ஒருநாள் வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, ஒடம்பு ஊதிகினே போவுது? வூட்ல நாத்தனார் நல்லா கவனிச்சிக்கிது போல கீது."

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். பிள்ளை பெற்றவள், பெருத்துவிட்டாள் என்று எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மைனி மட்டும், "சாப்பிடுதது கோழி கொத்துன மாதிரி. எப்படித்தான் பெருக்காளோ" என்று முணுமுணுப்பார்.

உடம்பைவிட மனசில் நடந்ததைச் சொல்வதுதான் கடினம். துக்கம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். துக்கப்படுகிறவளுக்கு ஏதோ ஒன்றின் மேல் பிடிப்பு இருக்கும், எனக்கு அதுவும் இல்லை. கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும்போது என் குரல் ஆண்பிள்ளைக் குரல்போலக் கரகரத்தது. பாடகர் குழுவை நடத்தியவர் தயங்கித் தயங்கி, "நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்களேன் சிஸ்டர்" என்றார். பத்து வயதிலிருந்து பாடியவள் நான். வருத்தமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் வருத்தம் வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வகுப்பில், பெயர் தெரிந்த பிள்ளைகளின் பெயர்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். ஒருநாள் ஒரு பாடத்தைப் பாதி நடத்தியபோது முன்வரிசைப் பெண் எழுந்து, "டீச்சர், இத நேத்தே நடத்திட்டீங்க" என்றாள். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது என் மகள். அவள் அழுவாள். நான் கேட்பேன். தெருவில் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை அழுவதுபோல அது என் காதில் விழும். எழுந்து போக வேண்டும் என்று நினைப்பேன். நினைப்புக்கும் எழுவதற்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம் கிடக்கும். அதை நான் கடப்பதற்குள் மைனி ஓடிவந்து தூக்கிவிடுவார். "பெத்தவ கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று சொல்லிக்கொண்டேதான் தூக்குவார். குழந்தைக்குப் பேச்சு வந்தபோது அவள் அம்மா என்று கூப்பிட்டது மைனியைத்தான். என்னை "டீச்சர்" என்றாள். பால்கார அம்மாளிடம் கற்றுக்கொண்டது.

போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். பக்கத்து டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அண்டை வீட்டில் யாரோ "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னது சுவர் தாண்டி என் காதில் விழுந்தது. சென்னையில் அந்த ஒரு சொல் போதும், மனநல மருத்துவமனையைச் சொல்கிறார்கள் என்று குழந்தைக்கும் புரியும். அன்றிலிருந்து நான் நடிக்க ஆரம்பித்தேன். பிறர் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். குளிர்வதைச் சொல்லவில்லை. மறந்துபோவதைச் சொல்லவில்லை. மனசு கெட்டுக்கொண்டிருக்கிறது, அதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது எனக்குள் உயிரோடு இருந்த எண்ணம்.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அந்தக் கோடையில் என் தங்கை வந்தாள்.

அவள் பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தாள். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்து போனவள், அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. காலை ரயிலில் தாம்பரத்தில் இறங்குகிறாள் என்று நானும் கணவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவர் பிளாட்பாரத்தின் ஒரு முனைக்குப் போனார். நான் நடுவில் நின்றேன். தங்கை பெட்டியோடு இறங்கி, என்னை நோக்கி நேராக வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்தாள், நகர்ந்துகொண்டாள், என்னைக் கடந்து போய்விட்டாள்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினாள். அந்தக் கரகரத்த குரல் எங்கிருந்து வந்தது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு என் சேலையைப் பார்த்தாள். போன வருஷம் அவளே வாங்கி அனுப்பிய சேலை.

"அக்கா?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா இது? யாருக்கா நீ? ஒன் புருவம் எங்கக்கா?"

என் புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்துபோயிருந்தது எனக்கே தெரியாது. தினமும் என்னைப் பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதல்லவா.

வீட்டுக்கு வந்ததும் தங்கை ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றி என் முகத்துக்கு அருகில் பிடித்தாள். "அத்தான், இங்க வந்து பாருங்க. நல்லா பாருங்க." என் கணவர் பார்த்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் அவர் லீவு போட்டார். மூன்று பேரும் மின்சார ரயிலில் பட்டணத்துக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கை படத்தைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாள். டாக்டர் ஒரு வயதான அம்மாள். நான் வாய் திறப்பதற்கு முன் தங்கை படத்தை மேஜைமேல் வைத்து, "இது என் அக்கா. இவங்களும் என் அக்காதான்" என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தையும் என்னையும் பார்த்தார்.

"சால்வை எதுக்கும்மா?"

"குளிருது டாக்டர்." இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு நாற்காலியில் முழங்காலிட்டு நிற்கச் சொன்னார். பாதம் பின்பக்கம் தொங்கியது. குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். என் பாதம் வெடுக்கென்று அசைந்தது. அசைந்தது பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் எடுத்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அப்படியே.

"பாத்தீங்களா சார்?" என்றார் என் கணவரிடம். "கால் போயிடுது. திரும்பி வர்றதுக்கு யோசிக்குது. உள்ள எல்லாமே இப்படித்தான் யோசிச்சிக்கிட்டு இருக்கு. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது வேலை நிறுத்தம் பண்ணிடுச்சு. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம், ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

என் கணவர் முன்னால் குனிந்தார். "அப்ப… மனசுல ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

அவரும் அதையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே கட்டிலில் படுத்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பி, இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"மனசு கெட்டுப்போகல" என்றார் டாக்டர். "மனசுக்குப் போக வேண்டிய சரக்கு நின்னுபோச்சு, அவ்வளவுதான். மாத்திரை தர்றேன். மெதுவாத்தான் கூட்டணும், அவசரப்பட்டா இதயம் தாங்காது. ஆயுசுக்கும் போடணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "சோம்பேறின்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார். அவர் என் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

மாத்திரை சின்ன வெள்ளை மாத்திரை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது முதுகில் ஏதோ ஊர்ந்தது. பூச்சி என்று நினைத்துத் தட்டினேன். வியர்வை. வகுப்பறையிலேயே நின்று சிரித்தேன். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது, ஆனால் அவர்களும் சிரித்தார்கள்.

சந்தோஷம் வந்தது என்று நினைத்தால், அதற்கு முன்னால் வந்து நின்றது கோபம். மரத்துப்போன கால் உயிர் பெறும்போது குத்துமே, அப்படி. கல் என்று சொன்னவர்கள், சோம்பேறி என்று சொன்னவர்கள், என்னைக் குரல் போனவள் என்று ஒதுக்கியவர்கள், எல்லோர் மேலும் கோபம். ஒரு காலையில் மைனி, "இப்பவாவது எழுந்து வேல பாக்கியே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். நான் கையிலிருந்த எவர்சில்வர் தம்ளரைத் தரையில் வீசி அடித்தேன். அது உருண்டு உருண்டு கதவடியில் போய் நின்றது.

மைனி அதை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "நான் என்னத்தக் கண்டேன்? சுரப்பின்னா என்னன்னு எனக்கு யாரு சொன்னா? நீ எனக்கு வீம்புக்குச் செய்யுதன்னுல்லா நெனச்சேன். ஊரெல்லாம் சொன்னேனே."

எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

போதகரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, ரெண்டு வருஷமா எனக்கு ஜெபமே வரல. இப்ப வருது. அப்போ விசுவாசம் போனது என் பாவமா, இல்ல சுரப்பியா?" நல்ல மனிதர். வேத வசனம் எதையும் எடுக்கவில்லை. "எனக்குத் தெரியலம்மா. ஆனா நீங்க ஜெபிக்காத நாள்லயும் அவர் உங்கள விட்டுட்டுப் போயிருக்க மாட்டாருன்னு நம்புறேன்" என்றார்.

மகளின் விஷயம்தான் மாத்திரைக்கு அடங்கவில்லை. எனக்கு அவள் மேல் பாசம் ஊற்றாகப் பெருகியபோது அவளுக்கு நான் அந்நியமானவள். தூக்கப்போனால் முதுகை வளைத்துக்கொண்டு மைனியிடம் தாவுவாள். மைனிக்கு அது சங்கடமாகிவிட்டது. ஒரு மாலை அவர் தன் துணிமணியை மடித்துப் பெட்டியில் வைப்பதைப் பார்த்தேன்.

"ஊருக்குப் போறேன். நான் இங்க கெடந்தா பிள்ள ஒங்கிட்ட வராது."

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், போகட்டும் என்றும் தோன்றியது. பிறகு, அந்தக் குழந்தை அழுத நேரமெல்லாம் ஓடிவந்த கால்கள் இவருடையவை என்று தோன்றியது. மடித்த சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டேன்.

"அவகிட்ட இருந்து ஒரு அம்மாவப் பறிச்சிட்டு, நான் இன்னொரு அம்மாவா ஆக முடியாது மைனி. நீங்க இருங்க. நான் மெதுவா வாரேன்."

மெதுவாகத்தான் போனேன். மைனி சோறு ஊட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னேன். பிறகு மைனி கதை சொல்ல, நான் ஊட்டினேன். என் குரல் முன்புபோல உயரே போகவில்லை, ஆனால் கீழ்க்குரலில் பாட்டு வந்தது. அவளுக்கு அது பிடித்துப்போனது. குன்றத்தூர்ச் சாலையில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். மைனியின் கையிலிருந்தவள் தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டி என்னிடம் சாய்ந்தாள். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. மைனி கவனித்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு, பள்ளிக்கூடம் போகும்வரை அவள் இரண்டு பேரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். முறைக்கு அத்தையானாலும் மைனி பெரியம்மா, நான் வெறும் அம்மா என்று பிறகு பிரித்துக்கொண்டாள்.

நான் தேறிய பிறகு என் கணவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் கொஞ்சம் சோர்ந்தாலும், குரலை உயர்த்தினாலும், ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும், "மாத்திரை போட்டியா?" என்பார். அக்கறைதான். ஆனால் என் கோபம், என் சலிப்பு எதுவும் என்னுடையதாக இல்லாமல் ஒரு சுரப்பியின் கணக்கில் போய்ச் சேர்வதாக எனக்கு எரிச்சல் வரும். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. மழைநாளில் மனசு கனத்தால், இது மழையா, கழுத்தா என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன்.

எழுபதுகளின் கடைசியில் மைனி இறந்துபோனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, அடுக்களையில் அவர் உட்காரும் மனைப்பலகையில் உட்கார்ந்து நான் அழுதேன். நிறுத்த முடியாமல், சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதேன். என் கணவர் வாசலில் வந்து நின்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. பழக்கதோஷத்தில், "காலைல மாத்திரை போட்டியா?" என்றார்.

"போட்டேங்க" என்றேன். "போட்டதனாலதான் அழ முடியுது. இது நிஜம். அழ விடுங்க."

அவர் உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்து தானும் அழத் தொடங்கினார்.