தோல்வார் கட்டிய வாய்

எச்சிலில் ஊறிய தோல் உப்பும் கசப்புமாக ருசிக்கும். காளையின் கழுத்தில் மணி கோத்துக் கட்டிய பழைய வாரைச் சப்பிக்கொண்டே ஒரு முந்திரிக் காலம் முழுவதும் திரிந்தவன் நான். ஆறாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாமலே லாரிகளுக்கு முதலாளியானவன். அறுபதைத் தாண்டியபிறகு, யாரையும் கேட்காமல் பெரம்பலூருக்குப் போய்ப் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டவன். கம்பியைக் கழற்றிய டாக்டரம்மா, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் அச்சைக் கொடுத்து, "இது ரீடெய்னருங்கய்யா, போடாம விட்டீங்கன்னா பல்லு பழைய எடத்துக்கே போயிரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதையேதான் எங்கள் அப்பா கையில் சாட்டையோடு சொன்னார்.

உடையார்பாளையம் பக்கத்து எங்கள் ஊரில் எனக்குப் பெயரே "தேங்காத்துருவி". மேல்வரிசைப் பல் அத்தனை தூரம் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டி அழுத்தினால் உள்ளே போய்விடும் என்று நம்பிய அப்பா, அந்த வாரைப் பல்லின்மேல் வைத்து இறுக்கிப் பின்மண்டையில் முடிச்சுப் போட்டார். "அவுத்தா பல்லு பழைய எடத்துக்கே வந்துரும். அவுத்த, தோலை உரிச்சிருவேன்."

தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, குத்தகைக்காரர் மகன் செல்வம், என்னைவிட ஒரு முழம் உயரமானவன், பின்னால் வந்து முடிச்சைப் பிடித்தான். "டேய், கன்னுக்குட்டிக்கு வாய்க்கட்டு போட்டுருக்காங்கடா! ஹை, ஹை!" என்று மரத்துக்கு மரம் இழுத்தான். வார் வழுக்கிக் கழுத்தில் இறங்கி இறுக்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் வாய்க்கு எட்டியது அவன் முன்கைதான். கடித்தேன். மண்டையில் குத்தினான், காதைப் பிய்த்தான், காய்ந்த கிளையை ஒடித்து முதுகில் விளாசினான். சதை வாயோடு வரும்வரை நான் விடவில்லை. அந்த வட்டாரத்தில் அப்படிக் கடித்தவன் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் குத்தகைக்காரர் எங்கள் வாசலில் நின்றார். "பல்லா அது? வெறிநாய்க்கு இருக்கும். என் கண்ணு முன்னால புடுங்கு. இல்லன்னா நாளையிலேருந்து இந்த வூட்டு ஆளு ஒண்ணும் தோப்புல கால் வைக்கக் கூடாது." அந்தத் தோப்புதான் எங்களுக்குச் சோறு. அப்பா குறடை எடுத்துவந்தார், என் நெஞ்சில் முட்டியை ஊன்றினார், முன்பல்லைக் கவ்வினார். இரும்பு உதட்டைக் கிழித்தது.

"எல்லாத்தையும் புடுங்குடா, கஞ்சி குடிக்கிற ஒங்களுக்குப் பல்லு எதுக்கு?" என்று குத்தகைக்காரர் சிரித்தார்.

அப்பாவின் கை நின்றது. எழுந்தவர் அதே குறடால் குத்தகைக்காரர் தாடையில் போட்டார். விழுந்தவரைத் தெருவரைக்கும் இழுத்துத் தள்ளினார். பிறகு உள்ளே வந்து, வாய்க்கட்டை நழுவவிட்டதற்காக அந்த வாராலேயே என்னையும் விளாசினார். மறுநாளே ஜெயங்கொண்டத்துக்கு மூட்டை தூக்கப் போனோம். என் லாரிகள் அங்கிருந்துதான் புறப்பட்டன.

இப்போது கண்ணாடியில் பார்த்தால் பல் சினிமாக்காரன் பல் மாதிரி நிற்கிறது. பழைய வாய்க்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. செல்வத்தின் முன்கையில் மட்டும், ஒரு பல்கூடத் தப்பாமல், அந்த வாய் வளைந்த தழும்பாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வான். போன மாதம் செத்துப்போனான். மாலை போடுகிற சாக்கில் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு கொண்டுபோய் எரித்துவிட்டார்கள்.