சொல்லாமல் குடிக்க வேண்டிய தேநீர்

குவளையின் மூடியைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்து, எதிர் நாற்காலியில் உட்காரப்போகிறவரின் வலது கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, மூன்றடி பின்னால் போய் நின்று ஒற்றைக் கண்ணால் அளவு பார்க்கிறார் பாக் ஹர்தோயோ. திருப்தியில்லை. திரும்பி வந்து அரை விரற்கடை இடப்பக்கம் நகர்த்துகிறார்.

"நிங்சி, சர்க்கரை எவ்வளவு போட்ட?"

"ரெண்டு கரண்டி, பாக்."

"மூணாப் போடு. பாத்ததும் நாக்குல தண்ணி ஊறணும்."

மூடி போட்ட குவளைக்குள் எத்தனை கரண்டி என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்பதில்லை. 'பாக்' என்றால் எங்கள் மொழியில் ஐயா; ஒன்பது வருடமாக இந்த ஐயாவுக்கு எழுத்தராக இருக்கிறேன். கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

சுராபாயாவை அடுத்த சிடோவார்ஜோவில் எங்களுடையது இறால் அப்பளத் தொழிற்சாலை. முன்னூற்று நாற்பது பேர் வேலை செய்கிறோம். ஆளை எடுப்பது, திருத்துவது, அனுப்புவது எல்லாவற்றுக்கும் அவர்தான் மேலாளர். வயது ஐம்பத்து நான்கு. மை பூசிய முடி, வெள்ளிக்கிழமை தவறாத பத்திக் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. நீலம் எழுதுவதற்கு, சிவப்பு அடிக்கோடு போடுவதற்கு, கறுப்பு யாராவது கேட்டால் இரவல் கொடுப்பதற்கு. கறுப்பில் மை கிடையாது.

சுராபாயா ஓட்டல்களில் நடக்கும் மேலாளர் பயிற்சி வகுப்பு ஒன்றையும் அவர் விட்டதில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிளாஸ்டிக் கோப்பும் ஒரு வாக்கியமும் கொண்டுவருவார். கோப்பு அலமாரிக்குள் போய்விடும். வாக்கியம் எங்கள் தலையில் விழும்.

'தலைவனின் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும்' என்று ஒரு வகுப்பில் கேட்டுவிட்டு வந்தவர், மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு அறைக்கதவைக் கீலோடு கழற்றிவிட்டார். அன்றிலிருந்து அந்த அறையில் யார் தும்மினாலும் எழுத்தர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும். அதனால் உள்ளே போய் மனம்விட்டுப் பேச ஆளில்லை. ரகசியம் பேச வேண்டியவர்கள் அவரை மோட்டார் சைக்கிள் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கதவு இப்போது சாப்பாட்டுக் கூடத்தில் மேசையாக இருக்கிறது. பித்தளைப் பெயர்ப்பலகையை எடுக்க மறந்துவிட்டார்கள். அவர் பெயர்மேல் தட்டை வைத்து, கறுப்புக் குழம்பு ரவோனை ஊற்றி முப்பது பேர் சாப்பிடுகிறார்கள்.

இன்னொரு வகுப்பில், யாரையாவது கண்டிப்பதாக இருந்தால் முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பொரிக்கும் பகுதி கஸ்மின் தினமும் தாமதமாக வந்துகொண்டிருந்தான்.

"கஸ்மின், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. தினமும் லேட்டா வர்றீங்க. உங்க பொண்ணு கணக்குல முதலாவதாமே, ரொம்ப சந்தோஷம்."

வெளியே வந்த கஸ்மின் என் மேசையில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "அக்கா, இப்ப எனக்குப் பதவி உயர்வா, இல்ல சீட்டுக் கிழிஞ்சுதா?"

நாளையிலிருந்து ஏழு மணிக்கு வா என்று நான்தான் விளக்கம் சொன்னேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் கணக்கில் முதலாவது என்பது உண்மை. முன்னூற்று நாற்பது வீட்டுக் குழந்தைகளின் பெயரும் வகுப்பும் அவருக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் யார் படுத்தாலும் ஒரு கிலோ ஆரஞ்சோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். நல்ல மனிதர். வகுப்புக்குப் போகாத மாதங்களில் இன்னும் நல்லவர்.

இந்தத் தேநீரும் ஒரு வகுப்பின் புண்ணியம்தான். 'சொன்னால் மட்டும் செய்பவனை எடுக்காதே, தானாக முன்வருபவனை எடு' என்பது வாக்கியம். அதை எப்படிச் சோதிப்பது என்று அவர்கள் சொல்லவில்லை, அல்லது இவர் அதற்குள் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார். தானே ஒரு வழி கண்டுபிடித்தார். நேர்முகத்துக்கு வருகிறவர் முன்னால் மல்லிகைத் தேநீர் வைக்கப்படும். 'குடிங்க' என்று மட்டும் சொல்லமாட்டார். தானாக மூடியைத் திறந்து குடித்தால் முன்வரும் குணம் உண்டு. குடிக்காவிட்டால் கிடையாது.

வைத்தவர் வாய்திறந்து சொல்லாமல் குவளையைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகுவது. சுற்றத்தார் வீட்டில் தொண்டை வறண்டு செத்தாலும் சாவோமே தவிர, மூடியைத் திறக்கமாட்டோம். ஆகவே அவருடைய தேர்வில் ஒழுங்காக வளர்க்கப்பட்ட அத்தனை பேரும் தோற்றார்கள். தேறியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் தன்னுடையதைக் குடித்துவிட்டு அவருடையதையும் குடித்தார். அவருக்குக் கிடங்கு மேற்பார்வை கிடைத்தது. கிடங்கையும் அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

தோற்றவர்களிடம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல அவரால் முடியாது. "சொல்லி அனுப்பறோம்" என்பார். மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு பெட்டி இறால் அப்பளம் போகும். ஊருக்கே இது தெரியும். வேலைக்கு மனுப்போட்ட பிள்ளையைப் பார்த்தால் "என்ன, பொரிச்சாச்சா?" என்று கேட்கிறார்கள்.

முர்த்தினி அம்மாவுக்கு, எங்கள் வழக்கில் இபு முர்த்தினிக்கு, இரண்டு பெட்டி வந்திருக்கிறது. இரண்டும் அவள் களத்தில் அவளே காயவைத்த அப்பளம்.

முர்த்தினி உலர்த்தும் களத்தில் பதினொரு வருடமாகப் பொறுப்பு மேஸ்திரி. வேலை மேஸ்திரி வேலை, பெயர் மட்டும் பொறுப்பு. இரண்டாயிரம் மூங்கில் தட்டிகளில் ஈர அப்பளத்தை வெயிலில் பரப்புவதும், மழைக்கு முன் உள்ளே எடுப்பதும் அவள் வாய்ச்சொல்லில் நடக்கும். தெற்கே மலை கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு கண் எப்போதும் அங்கேயே இருக்கும். மலை மறைந்தால் கால் மணி நேரத்தில் மழை. அவள் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

முதல் பெட்டி வந்தபோது மேஸ்திரியானவன் பெண்டி என்பவன். தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டவன். தானாக முன்வரும் குணத்துக்குச் சிவப்பில் இரட்டை அடிக்கோடு வாங்கியவன். மூன்றாவது வாரம் மலை மறைந்தது. உள்ளே எடுக்கலாம் என்று முர்த்தினி சொன்னாள். கைபேசியில் வெயில் படம் காட்டுகிறது என்று பெண்டி தானாக முன்வந்து தடுத்தான். அன்று களத்தில் இருந்தது அத்தனையும் கஞ்சியாயிற்று. கஞ்சியைக் கூட்டித் தள்ளியவள் முர்த்தினி. அவன் மறுவாரம் வேறு வேலை தேடிப் பாத்தாம் தீவுக்குக் கப்பலேறிவிட்டான். இரண்டாவது பெட்டி வந்தபோது மேஸ்திரியானவனும் நிலைக்கவில்லை; அவனைப் பற்றிச் சொல்ல இவ்வளவுகூட இல்லை.

போன மாதம் முதலாளியம்மா இபு லினாவதி ஒரு சுற்றறிக்கை விட்டார். தந்தைக்குப் பிறகு பொறுப்பேற்று ஒரு வருடம்தான் ஆகிறது. 'பொறுப்பு' என்ற பெயரில் இனி யாரும் இருக்கக்கூடாது. இந்த மாதக் கடைசிக்குள் நியமனம், இல்லையென்றால் பழைய வேலை. முர்த்தினியின் பழைய வேலை தட்டி சுமப்பது. அவளுக்கு வயது நாற்பத்தேழு. இடது முட்டி குனிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் குனியாது. ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள்.

நேர்முகத்துக்கு முன்தினம் கொட்டகைக்கு அவளை இழுத்துப்போய்ச் சொன்னேன்.

"அக்கா, நாளைக்கு அந்தத் தேத்தண்ணியக் குடிச்சுத் தொலைங்க. ஒரு வாய் போதும்."

"அவரு குடிங்கன்னு சொல்லாமலா?"

"சொல்லமாட்டாரு. அதான் பரீட்சையே. ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. போன தடவையே தெரியும். கை போனாத்தானே? எங்கம்மா போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. மூடியத் தொட்டா அங்கேருந்து எந்திரிச்சு வந்து கேப்பா, நான் உன்ன இப்படித்தான் வளத்தேனான்னு."

"முட்டிய நினைச்சுப் பாருங்க அக்கா."

"அது நெனைக்காமலே வலிக்குது. அவர ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. கெட்டிலோட குடிக்கறேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

பாக் ஹர்தோயோவிடமும் போய்ப் பார்த்தேன். முர்த்தினியைவிட்டால் களத்துக்கு ஆளில்லை என்பது அவருக்கும் தெரியும். கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நான் என்ன பண்ணட்டும்? விதி விதிதானே. படிவத்துலயே அச்சடிச்சாச்சு."

அச்சடித்தவரும் அவர்தான். படிவத்தில் முதல் கட்டம் தேநீருக்கு. 'முதல் கட்டத்தில் குறி பெறாதவர் மேற்கொண்டு பரிசீலிக்கப்படமாட்டார்.' அதன்கீழே சிவப்புக் கோடு. முதலாளியம்மாவிடம் இரண்டு மணி நேரம் படம் போட்டு விளக்கிக் கையெழுத்தும் வாங்கிவைத்திருக்கிறார். அவ்வளவு விளக்கியதில் அந்த அம்மாவுக்கே ஆசை வந்து, இந்தமுறை தானும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றுவிட்டார்.

"உங்க முறை உங்களோடது, பாக். படிவத்துல என்ன வருதோ, கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் மேசையில் மூன்று குவளை வைத்தேன். முதலாளியம்மா பாட்டில் தண்ணீரோடு வந்தவர், தேநீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முர்த்தினி, பெரியவர்கள் முன்னால் நடக்கும் எங்கள் வழக்கப்படி உடம்பை வளைத்து, வலது கையைத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு உள்ளே வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். கைகள் மடியில் இருந்தன. கண் மட்டும் ஜன்னல் பக்கம் போய்ப் போய் வந்தது.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்கறீங்க?"

"களத்துலதான், பாக். முட்டி ஒத்துழைச்சா."

"தலைமைன்னா என்னன்னு நினைக்கறீங்க?"

"தெரியல, பாக்."

தெரியாது என்ற பதிலுக்கு அவர் தானே பதில் சொல்லத் தொடங்கினார். தலைவன் சேவகன், தலைவன் விளக்கு, தலைவன் படகோட்டி. இருபது வருட வாக்கியங்களும் வந்தன. முக்கால் மணி நேரத்தில் குரல் கம்மியது. இருமினார். அவருடைய குவளை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. முதலாளியம்மா குடிக்கச் சொல்லவில்லை. அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இவர் குவளையைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார், மறுபடி இருமினார். மூடியைத் தொடவில்லை. நான் தலையைக் குனிந்து எழுதுவதுபோலப் பாவனை செய்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

விளக்கிலிருந்து படகுக்கு இரண்டாம் முறை வந்துகொண்டிருந்தபோது முர்த்தினி எழுந்துவிட்டாள். மேலாளர் பேச்சின் நடுவில் எங்கள் தொழிற்சாலையில் யாரும் எழுந்ததில்லை.

"மன்னிக்கணும் பாக், மன்னிக்கணும் இபு. மலையக் காணோம்."

அதே வளைவு, அதே தாழ்த்திய கை. ஆனால் நடந்த வேகத்தில் முட்டிவலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கதவில்லாத வாசலைத் தாண்டியதும் அவள் குரல் கேட்டது. "கெழக்கு வரிசைய மொதல்ல எடு! சும்மா நிக்காத, கொட்டாவிய அப்புறம் விட்டுக்கலாம்!"

வெளியே சுள்ளென்று வெயில். முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பாக் ஹர்தோயோ அசட்டுச் சிரிப்போடு, "படிக்காதவங்க, இபு. ஆனா கையெழுத்து நல்லா இருக்கும்" என்றார். பதினான்காவது நிமிடம் வானம் பொத்துக்கொண்டது. முதலாளியம்மா எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். அங்கே ஒன்று நீங்கலாக இரண்டாயிரம் தட்டியும் கூரைக்குள் ஏறியிருந்தன. வெறும் சிமெண்டுத் தரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. கடைசித் தட்டியோடு முர்த்தினி நனைந்து நொண்டி வந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா அங்கேயே நின்று பார்த்தார்.

அறையில் பாக் ஹர்தோயோவும் நானும்தான். படிவத்தின் முதல் கட்டம் காலி. அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார். அச்சடித்த விதியை ஒருமுறை படித்தார். முர்த்தினியின் குவளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் திடீரென்று மழைமேல் ஆசை வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருண்ட வானத்தால் கண்ணாடியில் அறை முழுக்கத் தெரிந்தது.

பாக் ஹர்தோயோ எட்டி, எதிர்ப்பக்கத்துக் குவளையின் மூடியைத் திறந்தார். ஆறிப்போன, மூன்று கரண்டிச் சர்க்கரை போட்ட தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், குவளையின் விளிம்பையும் துடைத்தார். படிவத்தில் சிவப்புக் குறி போட்டார். தாழ்வாரத்திலிருந்து முதலாளியம்மாவின் காலடிச் சத்தம் நெருங்கியது. காலிக் குவளையை முர்த்தினியின் நாற்காலிக்கு நேரே வைத்து, ஒற்றைக் கண்ணால் அளவு பார்த்து, அரை விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார்.

தன் குவளையை அவர் தொடவில்லை. அதைக் குடிக்கச் சொல்லி யாரும் இன்னும் சொல்லவில்லை.