மூன்றாவது பச்சை

என் தங்கைக்குப் பயம் கூடவே பிறந்தது. கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடி வருவாள். அப்படிப்பட்டவள் தேடிப் பிடித்த வேலையைப் பாருங்கள்: அடுத்தவர்களின் இணையதளங்களுக்குப் பணம் செலுத்தும் பட்டன் செய்து கொடுப்பது. "உனக்கு வேற வேலையே கிடைக்கலையாடி?" என்று நான் கேட்காத நாளில்லை.

எதிர்வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் மனைவிக்கு இதயத்தில் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை. புதனுக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். வெளிநாடு போய்விட்ட பழைய வாடிக்கையாளர்கள் கிரிப்டோவில் அனுப்புகிறோம் என்றார்கள். தங்கை காசு வாங்காமலே ஒரு இணையப் பக்கமும் பட்டனும் செய்து கொடுக்க உட்கார்ந்தாள்.

மனுஷனுக்குப் பட்டனின் எந்த நிறமும் லேசில் பிடிக்காது. "இந்தப் பச்சை செத்துக் கிடக்கும்மா" என்பார். ஏழு தடவை மாற்றினாள், ஏழையும் தனித்தனி நகலாக வைத்தாள். வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் மூன்றில் கிரிப்டோ பணம் வந்து சேரும் தன் சொந்த வாலட் முகவரியைப் போட்டிருந்தாள், நான்காவதிலிருந்துதான் அவருடையது. கடைசியில் அவர், "அந்த மூணாவது பச்சையே இருக்கட்டும்" என்றார். இவளும் மூன்றாவதை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

செவ்வாய் காலை தன் வாலட்டைத் திறந்தவளுக்கு முகம் வெளுத்துப் போனது.

"அக்கா, அவருக்கு அனுப்பின பணமெல்லாம் எனக்கு வந்திருக்கு. திருடின்னு சொல்லுவாங்க."

அவள் செருப்பை மாட்டினாள், போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று. நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "வாயை மூடிக்கிட்டு இரு. முகவரியை மாத்து, பணத்தை அவருக்கு அனுப்பு. யாருக்குத் தெரியப் போகுது?"

அனுப்பும் கட்டணத்துக்கு வேறொரு கிரிப்டோ நாணயம் வேண்டுமாம். அது கைக்கு வர மறுநாள் ஆகும் என்றாள். புதன்தானே கெடு, பரவாயில்லை என்றேன். அன்று முழுக்க வாசலில் சத்தம் கேட்டால் இருவருக்கும் உயிர் போய் வந்தது. அவள் சாப்பிடவே இல்லை.

புதன் காலை பணம் போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் பணம் தன்னிடம் வந்த கதையைச் சொன்னாள், கூடவே நானும் நின்றேன். அவர் போனைப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் ஒரு பைசா வரலம்மா. யாரும் தர மாட்டாங்கன்னு நினைச்சுட்டேன். நேத்து மத்தியானமே ஆஸ்பத்திரில வெள்ளிக்கிழமை வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். அந்த நாளை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. இனிமே மூணு மாசம் ஆகுமாம்."

உள்ளறையில் அவர் மனைவி மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்டது.

"நேத்து காலைலயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயந்துட்டேண்ணே" என்றாள் தங்கை. நான் தடுத்ததை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.