கிணற்றடியில் நின்ற மருமகன்

நளீம் மச்சான் சுவிட்சைப் போட்டதும் பாட்டைப் போடமாட்டார். வால்வு அம்பிளிபயரின் கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாகச் சூடேறும்வரை, பழைய பனியன் துண்டொன்றால் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் என் மூத்த சகோதரி மைமூனா ராத்தாவின் கணவர். கல்முனையில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவுக்குள் இருப்பதால், பல வருடமாகச் சமைத்துக்கொண்டே என் குசினி ஜன்னலால் இதைப் பார்த்துவருகிறேன்.

நெல் ஆலையில் மெஷின் பார்க்கிறவர் அவர். பகலெல்லாம் இரைச்சல். மூடிப்போன படமாளிகையொன்றிலிருந்து அந்த அம்பிளிபயரை வாங்கி, உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு வந்தார். "போன்லயும் பாட்டுக் கேக்கும். ஆனா பாடுறவன் மூச்சு இழுக்கிறது இதுலதான் கேக்கும்" என்பார்.

போன வருடம் மகள் நிப்லாவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு மகளுக்குப் போனது. தாயும் தகப்பனும் பின்னால் கட்டிய சிறிய வீட்டுக்கு மாறினார்கள். அங்கே இடமில்லாததால் அம்பிளிபயர் மகள் வீட்டு ஹோலிலேயே நின்றது.

மச்சான் வந்து சுவிட்சைப் போட்டால் போதும், மருமகன் றினாஸ் எழுந்து வெளியே போய்விடுவார். மச்சானின் முகம் வாடிப்போகும்.

"அவருக்குப் புடிக்கல்ல. அவர்ர வீட்டில நான் ஏன் சத்தம் போடணும்?"

"வாயத் தொறந்து கேளுங்களன்" என்றாள் ராத்தா.

"மருமகன்ட்டப் போய்க் கேக்கிறதா? வெக்கமில்லையா எனக்கு?"

பழைய சாமான் சேர்க்கிற கொழும்பு ஆளொருவரிடம் அம்பிளிபயரைக் கொடுத்துவிட மச்சான் முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அதை ஏற்றிப்போக வான் வருவதாக இருந்தது. அந்த வாரம் மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஒன்றைக் கண்டிருந்தேன். வெளியே போகிற றினாஸ் தெருவுக்குப் போவதில்லை. ஹோல் ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ள கிணற்றடியில், வெறும் வாளியைப் பிடித்தபடி பாட்டு முடியும்வரை நிற்பார். அடுத்த வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று பேசாமலிருந்தேன். சனிக்கிழமை மச்சான் இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்குவதைக் கண்டபிறகு இருக்க முடியவில்லை.

"ராத்தா, மருமகன் கிணத்தடியில நிண்டு பாட்டுத்தான் கேக்காரு."

"ஏன்கா தங்கச்சி, இவ்வளவு நாளும் வாய்க்குள்ள கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

ராத்தா மகளிடம் சொன்னாள்; மகள் புருஷனிடம் சொன்னாள். மறுநாள் வான் வந்து நின்றபோது றினாஸ் வாசலுக்கு வந்தார். மாமாவின் முன்னால் அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மாமா, அதக் குடுக்க வேணாம். மரியாதைக்குத்தான் நான் எழும்பிப் போற. பாட்டுக் கேட்டா என்ட கால் தானா ஆடும். உங்களுக்கு முன்னால காலாட்டிக்கிட்டு இரிக்க ஏலுமா?"

மச்சான் பெட்டியிலிருந்து ஓர் இசைத்தட்டை வெளியே எடுத்தார். "ஆடினா ஆடட்டும், மகன். உள்ள வந்து இரிங்க."

வான்காரர் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

அம்பிளிபயர் இப்போதும் நிப்லாவின் ஹோலில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு இருவரும் பாட்டுக் கேட்கிறார்கள். மச்சான் கதிரையில், றினாஸ் வாசற்படியில். ஒரு வால்வு மங்கிவிட்டது. மாற்று வால்வு தேடித் தருவதாக அந்தக் கொழும்பு ஆளே சொல்லியிருக்கிறார்.