டாக்டரம்மா உட்கார்ந்த மணை

தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் தெரியாதவர்போல நடப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆஸ்பத்திரி வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். எய்ட்ஸ் என்றாலே கதவைச் சாத்திய காலத்தில், திருவண்ணாமலையில் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட ஒரு டாக்டரம்மாவிடம் நான் ஆலோசகராக இருந்தேன். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் அவர்களோடு பேசுவது என் வேலை. இங்கே எழுதுவதில் முதல் இரண்டும் என் கண்ணெதிரே நடந்தவை. மூன்றாவதைப் பல வருடம் சந்தேகப்பட்டேன்.

பௌர்ணமி

நோயாளியை வெளியில் பார்த்தால் சிரிக்கக் கூடாது, அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகவே கூடாது என்பது டாக்டரம்மாவின் சட்டம். சிரித்தால், "இவரை எப்படித் தெரியும்?" என்று கூட இருப்பவர்கள் கேட்பார்களே! ஒரு பௌர்ணமி கிரிவலத்தில், அடி அண்ணாமலை தாண்டும்போது, எங்கள் நோயாளியான பாத்திரக்கடைக்காரர் குடும்பத்தோடு என் பக்கத்திலேயே நடந்துவந்தார். நான் மலையைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

மறுநாள் வந்து சொன்னார்: "சிரிக்காம போனீங்களே, ரொம்ப தேங்க்ஸ் சார். எங்க மாமியார்தான் உங்கள திமிர் புடிச்சவர்னு சொல்றாங்க."

வீட்டுக்காரர்

கிளினிக் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருநாள் காலி செய்யச் சொல்லி வந்தார். டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, கொசுவால் வராது, தண்ணீரால் வராது, தொட்டால் வராது என்று பொறுமையாக விளக்கினார். நோயாளிகள் குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்தும் காட்டினார். நோய்க்கே சரியான மருந்து வராத காலம் அது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் எழுந்தார்: "நல்லா புரியுதும்மா. புரிஞ்சும் பயமா இருக்கே, அதுக்கு ஏதாவது மாத்திரை இருக்குதா?"

காலி செய்யும் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

காது குத்து

செல்விக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். கணவன் இந்த நோயில் இறந்துவிட்டான், அவளுக்கும் இருந்தது. பெண் குழந்தைக்கு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் ஊர் பரிசோதனையையா பார்க்கும்? காது குத்தும்போது தாய்மாமன் மடியில் வைத்துக்கொள்ளவில்லை என்றால், குழந்தைக்கும் இருக்கிறது என்றே முடிவுகட்டிவிடும். அப்புறம் எந்தப் பிள்ளை அவளோடு விளையாடும்? செல்வியின் அண்ணனோ, ரத்தம் வருமே என்று பயந்து முடியாது என்றுவிட்டான்.

இனி செல்வி சொன்னது. டாக்டரம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, கூடப் படித்தவள் என்று சொல்லிக்கொண்டு, நேராகத் தாய்மாமன் மணையில் உட்கார்ந்தாராம். பத்தரின் கம்பியைக் கொதிக்கிற தண்ணீரில் போடவைத்தாராம். "பொம்பள மடி செல்லுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "எங்க ஊர்ல செல்லும்" என்றாராம். வலது காது முடிந்தது. துளி ரத்தம் வந்தது. வெறும் கையில் பஞ்சு எடுத்து அதைத் துடைத்தாராம்.

பந்தலுக்கு வெளியே நின்ற அண்ணன் விறுவிறுவென்று உள்ளே வந்தானாம். "எழுந்திருங்கம்மா. அந்தக் காது என்னுது."

சந்தேகம்

சட்டம் போட்டவரே விசேஷத்துக்குப் போவாரா? டாக்டரம்மாவிடமே கேட்டேன். "கூட்டம் ஜாஸ்தியா இருக்கு, அடுத்தவங்கள அனுப்புப்பா" என்றார். அவர் காலமான பிறகும் அது என்னை விடவில்லை. செல்வி கதை கட்டுகிறவள் இல்லை. பிறகு நான் யாரைத்தான் சந்தேகப்பட்டேன்?

செல்வி மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள். பெண் வேலைக்குப் போகிறாள். போன மாதம் என்னைப் பார்க்க வந்த செல்வியை அண்ணன்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். பேச்சு காது குத்தைத் தொட்டதும் அவன் சிரித்தான்: "இடத்த விடமாட்டேன்னு அந்தம்மா இன்னா அடம் புடிச்சாங்க தெரியுமா சார்!"

நடந்ததா என்று கேட்க இனி ஒன்றுமில்லை. அவன் வண்டி எடுக்கப் போனதும், இத்தனை வருடமாகத் தொண்டையில் நின்றதைச் செல்வியிடம் கேட்டேவிட்டேன்.

"மாமன் எடத்துக்கு ஆம்பள ஒருத்தன் மாசாமாசம் உன் எதிர்லயே உக்காந்திருந்தேனே, என்னை ஏம்மா கூப்பிடல?"